வேங்கைக் கிண்ணம்

தளவாயைக் கொன்ற மரம் ஓடைக்கரையில் விழுந்த இடத்திலேயே கிடந்தது.

தை மாதம் விழுந்தது. வைகாசி வந்தும் அதை யாரும் தொடவில்லை. விறகு பொறுக்கப் போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். ஆடுகள் மட்டும் அதன்மேல் ஏறி நின்று பக்கத்துச் செடிகளை எட்டிக் கடித்தன. வெட்டுப்பட்ட அடிப்பக்கத்தில் சிவப்புப் பால் வடிந்து, வெயிலில் காய்ந்து, கண்ணாடிச் சில்லுபோல ஒட்டியிருந்தது. வேங்கையை வெட்டினால் அப்படித்தான் வடியும். தெரியாதவர்கள் அதை இரத்தம் என்பார்கள். அந்த வருஷம் தெரிந்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

சொரிமுத்து ஆசாரி தளவாயின் அண்ணன். தலை நரைத்தவர், மனைவியை எப்போதோ இழந்தவர். அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் மரம் அறுத்தார்கள். குழிக்கு மேலே கிடத்திய தடியின்மீது அண்ணன் நிற்பார். குழிக்குள் தம்பி நிற்பான். மரம் அறுக்கும் நீண்ட ரம்ப வாளின் ஒரு முனை மேலே, ஒரு முனை கீழே. அண்ணன் இழுத்தால் தம்பி விடுவான், தம்பி இழுத்தால் அண்ணன் விடுவார். இருவரும் பேசிக்கொள்வது குறைவு. வாள்தான் பேசும். அந்தச் சத்தம் நின்றால் சோறு வந்துவிட்டது என்று ஊருக்குத் தெரியும்.

மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம் இருந்தது. அதை நடத்தியவள் குழல்வாய் அம்மை. சொரிமுத்துவுக்கு மகள் இருந்திருந்தால் அவள் வயதுதான் இருக்கும். பல வருஷங்களுக்கு முன்பு அவளிடம் உபதேசம் வாங்கிக்கொண்டு, நாள் தவறாமல் சாயங்காலம் போய் அங்கே உட்கார்ந்து வந்தார் சொரிமுத்து. நரைத்த தலை ஒரு சின்னப் பொம்பளை முன்னால் குனிகிறதே என்று ஊரில் சிரித்தார்கள். தளவாயும் சிரித்தான்.

"அங்க போயி என்னண்ணே கத்துக்கிட்ட?"

"தெரியல."

"பெறகு எதுக்குப் போற?"

"போயிட்டு வந்த அன்னைக்கு உளி நேராப் போகுது."

தளவாய் அதற்கும் சிரித்தான்.

மடத்து அன்னக்கூடத்தில் கூரை தொய்ந்துவிட்டது. வழிப்போக்கர்கள் சாப்பிட உட்காரும் இடம். மழை பெய்தால் இலையைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு ஓட வேண்டும். புது உத்திரம் போட ஓடைக்கரையில் நிற்கும் மடத்து வேங்கையை வெட்டலாம் என்று அம்மை சொன்னாள். அண்ணனும் தம்பியும் போனார்கள். மரம் சரியாகத்தான் சாய்ந்தது. ஆனால் அதன் தலை எதிரே நின்ற நாவல் மரத்தில் மோதியது. மோதிய வேகத்தில் அடிப்பக்கம் பின்னால் உதைத்தது. பின்னால் தளவாய் நின்றான்.

அதன்பிறகு சொரிமுத்து வாளைத் தொடவில்லை. மடத்துக்கும் போகவில்லை. தளவாயின் மனைவி பேராச்சி பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்து வைப்பாள். குடித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பேராச்சிக்குப் பிள்ளைகள் கிடையாது. கஞ்சி வைத்துவிட்டு அவளும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள்.

வைகாசியில் ஒரு காலை, சொரிமுத்து மடத்துக்கு வந்தார். வழக்கமாக வாசலில் நின்று கும்பிடுவார். அன்று கும்பிடவில்லை.

அம்மை முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வாங்க, ஆசாரியாரே."

"உக்கார வரல. ஒரு உத்தரவு வேணும்."

"சொல்லுங்க."

"ஓடைக்கரையில கெடக்க மரம் மடத்து மரம். அத எரிக்கணும். ஒரு குச்சி மிஞ்சக்கூடாது."

அம்மை கீரைக் கட்டைக் கீழே வைத்தாள்.

"உங்க உத்திரத்துக்குத்தான் அவன் செத்தான்" என்றார் சொரிமுத்து. சொல்லிவிட்டு, அவள் ஏதாவது சொல்லட்டும், சண்டை போடலாம் என்று காத்திருந்தார். விதி என்பாள், கர்மம் என்பாள், உடம்பு அழியும் ஆத்மா அழியாது என்பாள். எதைச் சொன்னாலும் திருப்பிக் கொடுக்க அவரிடம் வார்த்தை தயாராக இருந்தது.

"ஆமா" என்றாள் அம்மை.

உட்கார வரவில்லை என்றவர் முற்றத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மை கேட்டாள்.

"அந்த மரம் இப்ப எரியுமா?"

சொரிமுத்து நிமிர்ந்து பார்த்தார். ஐம்பது வருஷம் மரத்தோடு இருந்தவரால் அந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல முடியவில்லை.

"எரியாது. முழுத்தடி. உள்ளுக்குள்ள இன்னும் பச்ச. பொகையும், அவ்வளவுதான்."

"காயணுமா?"

"காயணும்."

"அப்படியே கிடந்தா எப்ப காயும்?"

"அப்படியே கெடந்தா நெஞ்சு வரைக்கும் காய வருசக்கணக்கா ஆவும். பலகையா அறுத்து, காத்துப் போற மாதிரி அடுக்கினா அடுத்த கோடைக்குள்ள காஞ்சிரும்."

"அப்ப அறுங்க. காயட்டும். காஞ்சதும் எரிச்சிரலாம்."

சொரிமுத்து அவளையே பார்த்தார். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"வாளுக்கு ரெண்டு ஆள் வேணும், அம்மை."

"நான் வாரேன்."

"நீங்க வாள் புடிச்சதுண்டா?"

"இல்ல."

மறுநாள் ஓடைக்கரையில் குழி வெட்டினார்கள். மடத்துக்கு வந்துபோகும் வண்டிக்காரர்கள் நெம்புகோல் போட்டுத் தடியைக் குழிமேல் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சொரிமுத்து மேலே ஏறினார். அம்மை வெள்ளைப் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள்.

வாள் இரண்டு இழுப்புக்கு ஒருமுறை மாட்டியது. இறங்கவேண்டிய கோட்டை விட்டு விலகியது. தூள் அம்மையின் தலையிலும் கண்ணிலும் கொட்டியது. ஈரத்தூள் பட்ட இடமெல்லாம் புடவை மஞ்சளாகிக்கொண்டே வந்தது. சொரிமுத்துவின் கையில் வியர்வையும் வாளின் இரும்பும் வேங்கைச் சாறும் சேர்ந்து விரல்களைக் கறுக்க வைத்தன. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்.

வீட்டில் முறத்தோடு உட்கார்ந்திருந்த பேராச்சிக்கு வாள் சத்தம் கேட்டது.

முதலில் அவள் எழுந்து அடுப்புப் பக்கம் போனாள். சத்தம் வந்தால் சோறு கட்ட வேண்டும். அந்தப் பழக்கத்தில் கால் போய்விட்டது. பிறகுதான் நின்றாள். பிறகு ஓடினாள்.

குழியருகே வந்து நின்றபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. மேலே சொரிமுத்து அத்தான் நிற்கிறார். கீழே இருக்கவேண்டியவர் இல்லை. மஞ்சள் பூசிய மாதிரி மடத்து அம்மை நிற்கிறாள். பேராச்சி கொஞ்ச நேரம் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தார் சொரிமுத்து.

"அம்மை, தள்ளுதியளே" என்றாள் பேராச்சி. "தள்ளக்கூடாது. இழுக்க மட்டும்தான் செய்யணும். அத்தான் இழுக்கும்போது சும்மா விட்டுரணும்."

"அப்படியா?"

"நெதம் சோறு கொண்டாந்து வச்சிட்டுப் பாத்துக்கிட்டே இருப்பேன். அவுக தள்ளுனதே இல்ல." அவள் குழிக்குள் இறங்கினாள். "கொண்டாங்க."

அம்மை கைப்பிடியைக் கொடுத்துவிட்டுக் கரையேறினாள்.

முதல் இழுப்பில் வாள் மாட்டவில்லை. அடுத்ததிலும் மாட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் சத்தம் சீரானது. சொரிமுத்து கீழே பார்க்கவில்லை. பார்க்காமல் இழுக்கும்வரை கீழே நிற்பது தம்பியாகவும் இருக்கலாம். அன்று முழுக்க அவர் பார்க்காமலேதான் இழுத்தார்.

பொம்பளை குழிக்குள் நின்று மரம் அறுக்கிறாள் என்று ஊர் பேசியது. பேசிவிட்டு நிறுத்தியது.

தடி பலகை பலகையாகத் திறந்தது. ஒவ்வொரு பலகை விழும்போதும் சொரிமுத்து குனிந்து உட்கார்ந்து அதன் முகத்தைத் தடவிப் பார்ப்பார். ஓரத்தில் வெளுத்த பகுதி, உள்ளே பொன்னும் சிவப்புமாக வரியோடிய வைரம். விரலால் தட்டுவார். நகத்தால் கீறுவார். முகர்ந்துகூடப் பார்த்தார்.

"என்ன தேடுதிய?" என்று அம்மை கேட்டாள். அவள் தினமும் வந்து கரையில் உட்கார்ந்திருந்தாள்.

"உளுத்திருக்கா, பொந்து இருக்கா, வெடிப்பு இருக்கான்னு பாக்கேன்."

"இருக்கா?"

"இல்ல." கடைசிப் பலகையையும் புரட்டினார். "ஒரு கொறையும் இல்ல, அம்மை. நான் அறுத்ததுலயே இவ்வளவு சுத்தமான வேங்கை கெடையாது."

அதைச் சொல்லும்போது அவருக்கு ஆத்திரமாக வந்தது. உள்ளே எங்காவது ஒரு கோளாறு இருந்திருந்தால் அதைக் காட்டி, இதனால்தான் இப்படி ஆயிற்று என்று சொல்லியிருக்கலாம். பலகையைக் காலால் எத்தினார். அது அசையவில்லை. அவருக்குத்தான் வலித்தது.

அம்மை வெளுத்த ஓரத்தைத் தொட்டாள். "இது என்ன, வேற நிறமா இருக்கு?"

"அது வெளிறு. மரத்துக்கு உசிரு ஓடுறது அதுலதான். தண்ணி ஏறுறது, பசை ஓடுறது எல்லாம் அந்த வழியாத்தான். பூச்சியும் அதத்தான் திங்கும். அத செதுக்கித் தள்ளிரணும்."

"நடுவுல இருக்கறது?"

"வைரம். அதுல ஒண்ணும் ஓடாது. அதுவும் ஒரு காலத்துல வெளிறா இருந்ததுதான். ஓட்டம் நின்ன பெறவுதான் சிவக்கும். பூச்சி தொடாது. மரம் நிக்கறது அது தாங்குறதாலதான்."

அம்மை தலையசைத்தாள்.

நிழல் விழும் இடமாகப் பார்த்து, மடத்துச் சுவரோரம் பலகைகளை அடுக்கினார்கள். ஒரு பலகைக்கும் அடுத்ததற்கும் நடுவே குறுக்குக் குச்சிகள் வைத்தார் சொரிமுத்து. பேராச்சி எடுத்துக் கொடுத்தாள். அடுக்கி முடித்ததும் சாணியும் மண்ணும் குழைத்து ஒவ்வொரு பலகையின் முனையிலும் பூசினார்.

"இது எதுக்கு?" என்று அம்மை கேட்டாள்.

"முனை சீக்கிரம் காயும். நடு மெதுவாக் காயும். பூசாட்டா வெடிச்சிரும்."

"எரிக்கப்போற மரம்தான?"

சொரிமுத்துவின் கை நின்றது. சாணிக் கையோடு அடுக்கைப் பார்த்தார். பிறகு மீதி முனைகளுக்கும் பூசினார்.

சாரல் வந்தது. ஐப்பசி மழை வந்தது. மேலே ஓலை போட்டு மூடினார். மழை விட்டதும் ஓலையை எடுத்தார். பலகைகளை மேல் கீழாக மாற்றி அடுக்கினார். காற்று எந்தப் பக்கம் வருகிறதென்று பார்த்து அடுக்கைத் திருப்பினார். இதற்காகவே தினமும் மடத்துக்கு வரவேண்டியிருந்தது. வந்தவர் வேலை முடிந்ததும் பழைய இடத்தில் உட்கார்ந்தார். கும்பிட மட்டும் செய்யவில்லை.

அடுத்த கோடை தலைகாட்டியதும் ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்தார். எடை குறைந்திருந்தது. தட்டினார். கணீரென்றது.

"அம்மை, மரம் காஞ்சிருச்சு."

"எரியுமா?"

"எரியும்."

"எரிங்க."

அவள் தடுப்பாள் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். தடுக்கவில்லை. உள்ளே போய் ஒரு சட்டியில் அடுப்புத் தணலை அள்ளிக்கொண்டு அவளே வந்தாள்.

"எங்க வைக்கட்டும்?"

"அங்க வைங்க." அவர் அடுக்கைச் சுற்றி வந்தார். "தணலை நேரா வச்சா பத்திக்காது. வைரக்கட்டை. முதல்ல சுருள் வேணும்."

"சுருளா?"

"இழைச்சா வருமே, அது."

அன்றுதான் பதினைந்து மாசத்துக்குப் பிறகு வீட்டுக்குப் போய் இழைப்புளியை எடுத்துவந்தார். தகட்டில் துரு ஏறியிருந்தது. சாணைக்கல்லில் தீட்டித் தீட்டித் துருவை எடுத்தார். ஒரு பலகையைக் கட்டைகள்மேல் கிடத்தி இழைக்க ஆரம்பித்தார்.

வேங்கை லேசில் இழைபடாது. நார் ஓரிடத்தில் இந்தப் பக்கம் படுத்திருக்கும், அடுத்த இடத்தில் எதிர்ப்பக்கம் படுத்திருக்கும். ஒரே வீச்சில் போனால் பிய்த்துக்கொண்டு வரும். சொரிமுத்துவின் முதல் வீச்சு பிய்த்தது. தகட்டைத் தட்டி உள்ளே வாங்கினார். இழைப்புளியின் வாயில் அது மயிரிழை அளவே வெளியே தெரிந்தது. மறுபடி தள்ளினார். வெங்காயத் தோல்போல மெலிசாகச் சுருள் எழுந்து கையோரம் வந்து விழுந்தது.

அம்மை சட்டியருகே உட்கார்ந்திருந்தாள்.

சுருள் கணுக்கால்வரை சேர்ந்தது. தீ மூட்ட அதில் கால்வாசி போதும். அவர் நிறுத்தவில்லை. பிய்ந்த இடத்துக்குத் திரும்பிப் போனார். அதைச் சரிசெய்தார். பலகையின் தலைப்பக்கம் போய்க் கண்ணை இடுக்கி நேர் பார்த்தார். ஒரு மேடு தெரிந்தது. அதை எடுத்தார். உள்ளங்கையால் தடவினார். சிவப்பு வரிகள் பொன்னிறத்துக்குள் நெளிந்து ஓடின. வெயில் சுவரைவிட்டு இறங்கி முற்றத்துக்கு வந்தது.

"ஆசாரியாரே."

அவர் நிமிர்ந்தார்.

"தணல் அணைஞ்சிருச்சு. வேற எடுத்து வரட்டுமா?"

சொரிமுத்து சட்டியைப் பார்த்தார். சாம்பல். பலகையைப் பார்த்தார். அதைச் சாண் சாணாக அளந்தபடி கேட்டார்.

"அன்னக்கூடத்துல சுவருக்குச் சுவர் எவ்வளவு நீளம்?"

பலகைகளை இணைத்துச் செய்த உத்திரம் ஏறியது. ஆவணி மழையில் வழிப்போக்கர்கள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மிச்சப் பலகையில் கதவு நிலை ஒன்றும் செய்தார் சொரிமுத்து. அன்று வாசலில் நின்று அம்மையைக் கும்பிட்டார்.

எல்லாம் முடிந்தபின் அடிமரத்திலிருந்து ஒரு துண்டு மட்டும் கிடந்தது. கோடாலி வெட்டு விழுந்திருந்த துண்டு. அதைப் பேராச்சி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அத்தான், இது அவுக போட்ட வெட்டு. எனக்கு இதுல ஏதாச்சும் செஞ்சு தாங்க."

"என்ன செய்யணும்?"

"கையில புடிக்கிற மாதிரி."

வெட்டு வெளிப்பக்கம் தெரியும்படி விட்டு, உள்ளே வளைந்த உளியால் குடைந்து ஒரு கிண்ணம் செய்து கொடுத்தார். அன்று சாயங்காலம் அதில் தண்ணீர் ஊற்றி வைத்தாள் பேராச்சி. காலையில் பார்த்தால் தண்ணீர் தேயிலைத் தண்ணீர்போல நிறம் மாறியிருந்தது. வெளிச்சத்தில் சாய்த்தபோது விளிம்பில் ஒரு நீலம் ஓடியது. அவள் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சொரிமுத்துவின் வீட்டுக்கு வந்தாள்.

"பாருங்க, அத்தான்."

"வேங்கை அப்படித்தான். சாயம் எறங்கும்."

"அவுக வந்துட்டுப் போன மாதிரி இருக்கு."

பாதியை அவள் குடித்தாள். பாதியை அவருக்குக் கொடுத்தாள். லேசான துவர்ப்பு. அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. காலையில் கஞ்சிக்கு முன்னால் கிண்ணம் வரும். அந்த நேரத்தில் மட்டும் இருவரும் தளவாயைப் பற்றிப் பேசினார்கள். மிளகாய் கடிக்காமல் அவனுக்குச் சோறு இறங்காது. குழிக்குள் நின்று யாருக்கும் கேட்காது என்று நினைத்துப் பாடுவான். ஒருநாள் சொரிமுத்து சிரித்தேவிட்டார். சிரித்தபின் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டார்.

நாளாக ஆக நிறம் வெளுத்தது. முதலில் நீலம் போனது. பிறகு தேயிலை நிறம் வைக்கோல் நிறமானது. மாசி மாதம் ஒரு காலையில் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

"வெறுந்தண்ணியா இருக்கு, அத்தான்" என்றாள் பேராச்சி.

"குடு" என்றார். "உள்ள சுரண்டினா மறுபடி எறங்கும்."

சுரண்டினார். நிறம் வந்தது. சில வாரம் நின்றது. போனது. மறுபடியும் சுரண்டினார். இந்தமுறை சீக்கிரமே போய்விட்டது. இன்னும் ஆழமாகச் சுரண்டினார். கிண்ணத்தின் சுவர் மெலிந்துகொண்டே வந்தது. தளவாயின் கோடாலி வெட்டு வெளியிலிருந்து குழிந்திருந்த இடத்தில் இன்னும் மெலிசு. அங்கே விரலை வைத்து அழுத்தினால் அமுங்குகிறதோ என்று தோன்றும்.

சித்திரையில் மறுபடியும் வெறும் தண்ணீர். அவர் உளியை எடுத்தார். பேராச்சி கிண்ணத்தைக் கொடுக்கவில்லை.

"போதும், அத்தான்."

"குடும்மா."

"இனிச் சுரண்டினா ஓட்ட விழுந்துரும். அவுக வெட்டும் போயிரும்."

"உனக்கு அவன் மறந்துபோச்சு." சொன்னபின்தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது.

பேராச்சியின் முகம் சிவந்தது. ஆனால் குரல் உயரவில்லை.

"எனக்கு மறந்துருக்கா இல்லியான்னு தண்ணியப் பாத்துத்தான் தெரியணுமா, அத்தான்?"

அவர் உளியைக் கீழே வைத்தார்.

"வாங்க, மடத்துக்குப் போவோம்" என்றாள் பேராச்சி.

அன்னக்கூடத்தில் பந்தி முடிந்து, அம்மை தரையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு இருவரையும் உட்காரச் சொன்னாள். சொரிமுத்து கிண்ணத்தை அவள்முன் வைத்தார். நடந்ததைச் சொன்னார். பேராச்சியிடம் சொன்ன சொல்லையும் மறைக்காமல் சொன்னார்.

அம்மை கிண்ணத்தை எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தாள். வெட்டு இருந்த இடத்தில் வெயில் ஊடுருவிச் சிவப்பாகத் தெரிந்தது.

"இன்னொரு தடவ சுரண்டினா நெறம் வரும்" என்றார் சொரிமுத்து. "அதுதான் கடைசி. அதுக்குமேல கிண்ணம் கெடையாது. சுரண்டவா, விடவா? நீங்க சொல்லுங்க, அம்மை."

அம்மை மண்பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கிண்ணத்தில் ஊற்றி அவர் கையில் கொடுத்தாள்.

அவர் உள்ளே பார்த்தார். அடிவரை தெரிந்தது. உளி போன தடம் தெரிந்தது. வேறொன்றும் இல்லை.

"வெறுந்தண்ணி" என்றார். "இதுல அவன் இல்லியே, அம்மை."

பேராச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அம்மை கேட்டாள். "கிண்ணம் ஒழுகுதா, ஆசாரியாரே?"

சொரிமுத்து கிண்ணத்தைத் தூக்கி அடியைத் தடவினார். தளவாயின் வெட்டு இருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து நெடுநேரம் பார்த்தார். விரல் காய்ந்தே இருந்தது.

"ஒழுகல."

"அப்ப தாங்குது. குடிங்க" என்றாள் அம்மை.